காரில் மஞ்சள் விளக்கு எரியுதா? சென்சார் வாங்கும் முன் ஒயரை பாருங்க!

நார்த்தாமலை:
பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோவில் திருவிழா வந்துவிட்டால் வாடகை கார் ஓட்டுபவர்களுக்கு சவாரிக்கு பஞ்சமில்லை. அந்த நேரம் பார்த்து டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால்? என் சித்தப்பா மகனுக்கு அதுதான் நடந்தது.

திருச்சி - புதுக்கோட்டை ரோட்டில் இருந்து நார்த்தாமலைக்கு திரும்பியதும், ஒரு பள்ளத்தில் இறங்கிய கார் அப்படியே ஆஃப் ஆகி நின்றது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். ‘பி 0335’ என்று கோடு வந்தது. "கிராங்க் சென்சார் போச்சு, மாத்தணும்" என்றார்கள். மாத்தியாச்சு. மறுநாள் அதே விளக்கு, அதே கோடு! சென்சார் காசும் போச்சு, இரண்டு நாள் சவாரியும் போச்சு.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அது சொன்னதை சரியாக படிக்காததுதான் வினை. ‘பி 0335’ என்றால் கிராங்க் சென்சாரின் ‘சர்க்யூட்டில்’ கோளாறு என்றுதான் அர்த்தம். சர்க்யூட் என்றால் சென்சார், அதற்கு போகும் ஒயர், கனெக்டர், எர்த் எல்லாமே சேர்ந்தது. இதில் எது கெட்டாலும் கம்ப்யூட்டருக்கு சிக்னல் வராது. அது உடனே கோடை பதிவு செய்து விளக்கை போட்டுவிடும்.

கோடின் முதல் எழுத்தே பாதி விஷயத்தை சொல்லிவிடும். ‘பி’ என்றால் இன்ஜின், கியர் பக்கம். ‘சி’ என்றால் பிரேக், ஸ்டியரிங் பக்கம். ‘பி’ போலவே காதில் விழும் இன்னொரு எழுத்து பாடி சம்பந்தப்பட்டது, ஏர்பேக் எல்லாம் அதில் வரும். அதனால் கோடை காதால் கேட்காமல் எழுதி வாங்குவது நல்லது. ‘யு’ என்றால் கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது என்று பொருள்.

அமெரிக்காவில் 1996 முதல் எல்லா புது கார்களிலும் இந்த ஓ.பி.டி.-2 முறை வந்துவிட்டது. நம் நாட்டில் பி.எஸ்.4 கார்களுக்கு 2013 ஏப்ரலில் இருந்து கட்டாயம். ஸ்டியரிங்குக்கு கீழே 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும், அதில்தான் ஸ்கேனரை மாட்டுவார்கள்.

சரி, எதை முதலில் பார்ப்பது? பேட்டரியை. இன்ஜின் ஓடாதபோது மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவுக்கும், ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரைக்கும் காட்ட வேண்டும். டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாக உப்பு பூத்திருந்தாலோ, எர்த் ஒயர் லூசாக இருந்தாலோ சம்பந்தமே இல்லாத கோடு எல்லாம் வரிசையாக வரும். அடுத்து பியூஸ். அதற்கு அடுத்து அந்த சென்சாரின் கனெக்டர். மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்க. ஒயரை கையால் லேசாக ஆட்டும்போது இன்ஜின் தடுமாறினால் திருடன் சிக்கிவிட்டான்.

இன்னொரு துப்பும் உண்டு. சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் சென்சார் மேலேயே சந்தேகப்படலாம். குலுங்கும்போது நின்றால் பெரும்பாலும் ஒயர்தான். தம்பி கார் குலுங்கித்தான் நின்றது. அதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கடைசியில் கீரனூர் பக்கம் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன்தான் கண்டுபிடித்தார். சென்சாருக்கு போகும் ஒயர் இரும்பு கிளாம்பில் உரசி உரசி தோல் போய், செம்பு வெளியே தெரிந்தது. சால்டரிங் வைத்து, ஸ்லீவ் போட்டு, கிளாம்பை தள்ளி கட்டினார். பிறகு கோடை அழித்துவிட்டு அதே ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். விளக்கு வரவில்லை.

கோடை எழுதி வைக்காமல் முதலிலேயே அழித்துவிடாதீர்கள். கோளாறு வந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூடு என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்தே பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

விளக்கு நிலையாக எரிந்து வண்டியும் ஒழுங்காக ஓடினால் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை காலி செய்துவிடும், அதன் விலை சென்சாரை விட பல மடங்கு. ஏர்பேக் ஒயரில் மட்டும் நாமே மீட்டர் வைத்து சோதிக்கக் கூடாது, பை வெடித்து முகத்தில் அடித்துவிடும்.