ஹாலில் ஆடும் பெண்டுலம்

திருப்பூரில் காங்கயம் சாலைப் பக்கமோ அவிநாசி சாலைப் பக்கமோ, புதிதாகக் கிரகப்பிரவேசம் முடிந்த வீடுகளின் ஹாலில் பழைய பாணிச் சுவர்க்கடிகாரங்களை இப்போது நிறையப் பார்க்க முடிகிறது. தேக்கு நிறச் சட்டம், ரோமன் எண்கள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிதானமாக ஆடும் பித்தளைத் தட்டு. கூலியையே ஷிப்ட் கணக்கில் பேசுகிற ஊர் இது. எட்டு மணி நேரம் என்றால் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். பனியன் கம்பெனியில் பகலெல்லாம் நேரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள், வீட்டிலும் நேரத்தை ஓர் அழகுப் பொருளாக மாட்டி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், கதவைத் திறந்து அந்தத் தட்டை விரலால் மெல்லப் பிடித்து நிறுத்துங்கள். முள் தொடர்ந்து ஓடுகிறதா? புதிதாக வாங்கியது என்றால் பெரும்பாலும் ஓடும். அதாவது, அந்தக் கடிகாரத்தில் பெண்டுலத்துக்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை. உள்ளே இருக்கும் ஒரு கம்பிச் சுருள், பெண்டுலத்தோடு சேர்ந்த காந்தத்தை அவ்வப்போது தள்ளிவிடுகிறது. அது பாட்டுக்கு ஆடுகிறது. நேரத்தைக் கவனித்துக்கொள்வது அரிசியைவிடச் சற்றே பெரிய உலோகக் குப்பிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் பட்டால் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கிக்கொண்டே போனால் 1 வரும். சின்னஞ்சிறு மின்சுற்று ஒன்று அதைத்தான் செய்து, நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் மோட்டாருக்கு அனுப்புகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 15 நொடிகள் முன்பின்னாகலாம், அவ்வளவுதான். குஜராத்தின் மோர்பி நகரம் இத்தகைய கடிகாரங்களை மலிவாகச் செய்து இந்திய வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரிய சாதனைதான்.

ஆனால் தாத்தா காலத்துச் சாவிக் கடிகாரத்தில் பெண்டுலத்தைப் பிடித்தால் எல்லாமே நின்றுவிடும். அங்கே ஆட்டம்தான் நேரம்.

அதன் உள்வேலையை ஒரு முறையாவது அருகில் நின்று பார்க்க வேண்டும். சாவி கொடுக்கும்போது பித்தளை உருளைக்குள் எஃகுச் சுருள்வில் இறுகுகிறது. அது விரியத் துடிக்கிறது. அப்படியே விட்டால் பற்சக்கரங்கள் ஒரே மூச்சில் சுழன்று ஓய்ந்துவிடும். அதைத் தடுக்க, கடைசிச் சக்கரத்தின் மேல் கப்பல் நங்கூரம் போல வளைந்த எஃகுத் துண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பெண்டுலம் இடப்பக்கம் போனால் நங்கூரத்தின் ஒரு நுனி விலகி, ஒரே ஒரு பல்லை நழுவ விடும். உடனே மறு நுனி அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். நாம் கேட்கும் ‘டிக்’ அந்த மோதலின் சத்தம். வலப்பக்கம் போனால் ‘டாக்’. நழுவுகிற பல் சும்மா போவதில்லை. போகிற போக்கில் நங்கூரத்துக்குச் சின்னதாக ஓர் உந்து கொடுக்கிறது. காற்றிலும் உராய்விலும் பெண்டுலம் இழந்த சக்தியை அதுதான் ஈடுகட்டுகிறது. நொடிக்கு இரண்டு ஒலி எழுப்பும் கடிகாரம் ஒரு நாளில் இதை 1,72,800 முறை செய்கிறது. நெதர்லாந்தின் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1656-இல் பெண்டுலத்தைக் கடிகாரத்தோடு இணைத்த பிறகுதான், நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வரை தவறிக்கொண்டிருந்த கடிகாரங்கள் நொடிக்கணக்குக்கு இறங்கி வந்தன.

பள்ளியில் தனி ஊசல் சோதனை செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஊசல் ஒரு முறை போய்வரும் நேரத்தைத் தீர்மானிப்பவை இரண்டுதான். ஒன்று அதன் நீளம். மற்றது புவியீர்ப்பு. குண்டின் எடை கணக்கிலேயே வராது. சிறிய ஆட்டமாக இருக்கும்வரை அதன் அகலமும் பெரிதாகப் பொருட்டில்லை. ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசல் ஒரு நொடியில் போய்வரும். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஒரு நாளில் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் பின்தங்கும். தட்டுக்கு அடியில் இருக்கும் சின்னத் திருகுக்கு இத்தனை மதிப்பு அதனால்தான். மேலே ஏற்றினால் வேகம், கீழே இறக்கினால் தாமதம்.

நீளத்தை நாம் திருகிக்கொள்ளலாம். ஈர்ப்பு நம் கையில் இல்லை, அது இடத்துக்கு இடம் மாறும். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரத்தில் கோளாறில்லை. நிலநடுக்கோட்டருகே பூமி பருத்திருக்கிறது. துருவத்தைவிட அங்கே ஆரம் 21 கிலோமீட்டர் அதிகம். சுழற்சியின் வேகமும் சேர்ந்து ஈர்ப்பைக் குறைக்கிறது. பூமி முழு உருண்டையல்ல என்பதற்கு நியூட்டன் எடுத்துக்காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று.

தமிழ்நாட்டிலும் இந்த அளவீடு நடந்திருக்கிறது. சென்னை வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம் 1821-இல், ஒரு பக்கம் போக ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளத்தை அளந்தார். கிடைத்தது ஏறக்குறைய 39.03 அங்குலம். லண்டனில் அது 39.14. சுமார் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்! பிறகு 1865-இலிருந்து இந்திய நில அளவைத் துறைக்காக ஜேம்ஸ் பசேவி என்ற ராணுவப் பொறியாளர் ஊசல்களோடு நாடு முழுக்க அலைந்தார். வில்லியம் லாம்டனின் பெரிய நில அளவையில் ஒரு நிலையமாக இருந்த, கொங்கு நாட்டின் பச்சாபாளையத்திலும் அந்த ஊசல் ஆடியது. அதன் அட்சரேகையும் திருப்பூருடையதும் ஏறக்குறைய ஒன்றுதான்: 11 டிகிரி. மலைகளுக்கடியில் பூமி எவ்வளவு அடர்த்தி என்று அறியும் அந்த வேலையிலேயே, 1871-இல் லடாக்கின் உயரத்தில் பசேவி உயிர்விட்டார். பெண்டுலத்துக்காக ஒருவர் உயிரையே கொடுத்திருக்கிறார் என்பதைப் படித்தபின், ஹாலில் ஆடும் தட்டை வெறும் அலங்காரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

கணக்கை நம் வீட்டுக்கே கொண்டுவரலாம். ஜெர்மனியில் சரிபார்த்து அனுப்பிய பழைய யுங்ஹான்ஸ் கடிகாரம் ஒன்று திருப்பூர்ச் சுவரில் அப்படியே ஆடினால், நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பின்தங்கும். தட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேலேற்றினால் சரியாகிவிடும். உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தத் திருகைத் தொட்டபோது, பூமியின் பருமனுக்குத்தான் திருத்தம் செய்தார்.

ஊரின் வெயிலும் கடிகாரத்துக்குள் நுழையும். பத்து டிகிரி சூடேறினால், எஃகுக் கம்பியில் தொங்கும் பெண்டுலம் நாளுக்கு ஐந்து நொடி பின்தங்கும், பித்தளைக் கம்பி என்றால் எட்டு நொடி. நல்ல கடிகாரங்களில் மரக்குச்சியைப் பார்த்தால் சிக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள். இழையோட்டத்தின் திசையில் மரம் மிகக் குறைவாகவே நீளும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய எதிரிகள் இரண்டு உண்டு. ஒன்று பஞ்சு. காற்றில் மிதக்கும் நூல் துகள் எண்ணெயில் ஒட்டிக் கெட்டியானால், நங்கூரத்தின் நுனி திணறும். கண்ணாடிக் கதவு எப்போதும் மூடியிருக்கட்டும். மற்றது தறி. பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக் குடோனையொட்டியே வீடு இருக்கும். அந்தச் சுவரில் மாட்டினால், அதிர்வு ஊசலின் தாளத்தைக் கலைத்து அதை நிறுத்திவிடவும் கூடும். சுவர் என்பது பெண்டுலத்துக்கு அசையாத இடமல்ல என்பதை ஹைகன்ஸே 1665-இல் கண்டார். ஒரே சட்டத்தில் தொங்கிய அவருடைய இரு கடிகாரங்கள், சட்டத்தின் வழியே ஒன்றையொன்று இழுத்து, எதிரெதிர்த் திசையில் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன.

ஆகவே தறிக்கு எதிர்ப்புறச் சுவர், நேர் வெயில் படாத இடம், ஒற்றை ஆணிக்குப் பதிலாக அசையாத ஸ்குரூ. மாட்டியதும் கண்ணை மூடிக் கேளுங்கள். டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். நொண்டினால் பெட்டியின் அடிப்பாகத்தை இம்மி இம்மியாக நகர்த்திச் சமமாக்குங்கள். இடம் மாற்றும்போது முதலில் பெண்டுலத்தைக் கழற்றிவிடுங்கள். அதைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகடு எளிதில் மடிந்துவிடும்.

பழைய பாணி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போகுமுன் சொந்தத்தில் விசாரியுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலை கொடுத்து வாங்கும் கடிகாரம், உங்கள் பெரியம்மா வீட்டுப் பரணிலேயே சாவியில்லாமல் கிடக்கலாம். அவற்றில் பலவற்றுக்குப் பழுது என்று எதுவும் இருக்காது. எண்ணெய் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சாவிக் கடிகாரம் பார்க்கத் தெரிந்த கைகள் நம் ஊர்களில் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்கள் இருக்கும்போதே ஒரு முறை கழற்றித் துடைத்து ஓட விட்டுவிடுங்கள்.