ஏற்றத்தில் கேட்ட சத்தம்

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் குடும்பம் ஸ்காபரோவில் இருக்கிறது. போன கோடையில் அவர்களிடம் போயிருந்தபோது, எல்லாருமாக ரொறொன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் இருக்கும் கனடாஸ் வொண்டர்லாண்டுக்குப் போனார்களாம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்க முடியாதென்று மகன் விஐபி சீட்டு எடுத்திருக்கிறார். வழிகாட்டியாக ஓர் இளம்பெண் காலையிலிருந்து கூடவே நடந்து, மற்றவர்கள் இறங்கி வரும் வாசலாலேயே இவர்களை உள்ளே கூட்டிப்போய் ஏற்றிவிட்டாராம். எங்கே நிழல் இருக்கிறது, எங்கே இருக்கலாம், எந்தக் கடையில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது என்று நன்றியோடு எழுதியிருக்கிறார்.

கேள்வி மூன்றாம் பக்கத்தில் வருகிறது. பேரன் கெஞ்சியதால், 'மைட்டி கனேடியன் மைன்பஸ்டர்' என்ற மர ரோலர் கோஸ்டரில் அம்மாவும் ஏறிவிட்டார். பூங்கா திறந்த 1981ஆம் ஆண்டிலிருந்து ஓடுவது அது. வண்டி ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும் கதிரைக்குக் கீழே 'டக், டக், டக்' என்று ஒரு சத்தம். பழைய பாலம் ஒன்று பலகை பலகையாக முறிவது போல இருந்ததாம். கந்தசுவாமியைக் கூப்பிட்டபடியே உச்சிக்குப் போயிருக்கிறார். இறங்கி வந்தபின் பேரன் வழிகாட்டியிடம் கேட்டான். "அது பாதுகாப்புக்கான சத்தம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். "இவ்வளவு பெரிய சத்தம் போடுகிற சாமான் எப்படிப் பாதுகாப்பாக இருக்கும்? பேரனுக்குச் சமாதானமாகவில்லை, எனக்கும்தான்" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, அந்தப் பிள்ளை சொன்னது சரி. ஆனால் அது ஒரு வசனத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை.

ரோலர் கோஸ்டர் வண்டிக்குள் இயந்திரம் இல்லை. தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் ஒரு சங்கிலி அதைக் கொளுவி உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விடுகிறது. மிச்ச ஓட்டம் முழுவதும் அந்த உயரம் கொடுத்த முதலில்தான். நீங்கள் கீழே நின்று பார்த்ததாக எழுதியிருக்கும் லெவியதன், 2012இல் திறந்தது, 93 மீற்றர் உயரம். ஏறக்குறைய முப்பது மாடிக் கட்டடம். அவ்வளவு உயரத்திலிருந்து காற்றும் உராய்வும் இல்லாமல் ஒரு பொருள் இறங்கினால் அடிவாரத்தில் மணிக்கு 154 கிலோமீற்றர் வேகம் வரவேண்டும் என்று உயர்தரப் பௌதிகம் படிக்கும் பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லும். லெவியதன் உண்மையில் ஓடுவது 148. காற்றும் சில்லுகளும் தின்றது அந்தச் சிறு வித்தியாசத்தை மட்டுமே. இந்தக் கணக்கில் நிறைக்கு இடமில்லை. அப்பம்மாவும் பேரனும் ஒரே வேகத்தில்தான் விழுவார்கள்.

ஆகவே இந்த ஓட்டத்தில் ஆபத்தான இடம் எதுவென்று கேட்டால் எல்லாரும் பெரிய இறக்கத்தைக் காட்டுவார்கள். நான் ஏற்றத்தைக் காட்டுவேன். ஆட்கள் நிறைந்த, பல தொன் எடையுள்ள வண்டி ஒரு சங்கிலியை நம்பிச் சரிவில் நிற்கிறது. சங்கிலி அறுந்தால் அது பின்னோக்கி உருண்டு, வந்த வழியே நிலையத்துக்குள் பாயும்.

அதற்கு ஒரு தடை வேண்டும். நம் தேர்த்திருவிழாக்களில் தேர்ச் சில்லுக்கு அடியில் கட்டை செருகுவார்களே, அந்த வேலைதான். தேரில் அதற்கென்று ஓர் ஆள் கட்டையும் கையுமாகச் சில்லோடு சில்லாக நடப்பார். ரோலர் கோஸ்டரில் அந்த ஆளுக்குப் பதிலாக, ஏற்றம் நெடுக வாள்ப்பல் போன்ற இரும்புப் பற்கள் வரிசையாகப் பதித்திருக்கின்றன. வண்டியின் அடியில் ஒரு கனத்த இரும்பு நாக்கு தொங்குகிறது. வண்டி மேலே போகும்போது நாக்கு ஒவ்வொரு பல்லின் சரிவிலும் ஏறி, மறுபக்கம் தன் பாரத்தாலேயே 'டக்' என்று விழுகிறது. பல்லின் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. மேலே போகத் தடையில்லை, கீழே வர வழியில்லை. நீங்கள் ஒவ்வொரு முறை 'டக்' கேட்டபோதும், அதுவரை ஏறிய தூரம் உறுதியாகிவிட்டது. அந்தக் கணத்தில் சங்கிலி அறுந்திருந்தாலும் வண்டி ஒரு பல் அளவு, அதாவது சில அங்குலம் பின்வாங்கி, அப்படியே நின்றிருக்கும். பக்கத்தில் ஏன் படிக்கட்டு கட்டியிருந்தார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி நின்றால் ஆட்களை ஒருவர் பின் ஒருவராக இறக்கிக் கூட்டிவரத்தான்.

இந்த நாக்கின் வேலையில் மின்சாரம் இல்லை, கணினி இல்லை, ஓர் ஆள் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டிய தேவையும் இல்லை. கீழே விழுவதுதான் அதன் வேலை. புவியீர்ப்பு இருக்கிறவரை அது விழுந்துகொண்டே இருக்கும். வண்டியைப் பின்னோக்கி இழுப்பதும் புவியீர்ப்பு, நாக்கைப் பல்லுக்குள் விழுத்துவதும் அதே புவியீர்ப்பு. எத்தனையோ இயந்திரங்களைப் பற்றி எழுதிவிட்டேன். மனதுக்குப் பிடித்தது எதுவென்று கேட்டால் இந்த இரும்புத் துண்டைத்தான் சொல்வேன்.

இதன் பிறப்பும் களியாட்டத்தில் இல்லை, நிலக்கரியில். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மோக் சங்க் என்ற மலையூரில் 1827இல் ஒரு பாதை போட்டார்கள். நிலக்கரி ஏற்றிய வண்டிகள் தம் பாரத்தாலேயே மலையிறங்கும். வெற்று வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போகும். அந்தக் கழுதைகளும் இறங்கும்போது தமக்கென்று விட்ட ஒரு வண்டியில் ஏறி நின்று சவாரியாக வரும். பிறகு கழுதைகளின் இடத்துக்கு நீராவி இயந்திரம் வந்தது. செங்குத்துச் சரிவில் இழுப்பு அறுந்தால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே வந்தது. அப்போதுதான் தண்டவாளத்தோடு பற்சட்டம் பதித்தார்கள். 1870களில் நிலக்கரி வேறு பாதையில் போகத் தொடங்க, இந்தப் பாதையைச் சவாரிக்காகவே மக்கள் தேடி வந்தார்கள். 1884இல் லமார்கஸ் தொம்சன் நியூயோர்க்கின் கோனி தீவில் ஐந்து சதத்துக்கு விட்ட சவாரியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். அதன் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர். இன்றைக்கு நம் பிள்ளைகள் அதில் ஏறினால் கொட்டாவி விடுவார்கள்.

தொம்சனிடம் வேலை பழகிய ஜோன் மில்லர் என்பவர்தான் இந்தப் பற்களையும் நாக்கையும் ரோலர் கோஸ்டருக்கு உரிய வடிவத்தில் செப்பனிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு. 1919இல் அவர் பதிவுசெய்த இன்னொன்றை வெள்ளவத்தைக்காரருக்கு விளக்குவது எளிது. கடற்கரையில் நின்று கரையோரப் புகையிரதத்தைப் பாருங்கள். அதன் சில்லுகளின் உட்புறத்தில் ஒரு விளிம்பு இருக்கும். வண்டி பக்கவாட்டில் வழுகாமல் பிடிப்பது அந்த விளிம்பு. மேலே எழும்பாமல் பிடிப்பது எது? பாரம் மட்டும்தான். மேட்டின் உச்சியில் பயணிகளைக் கதிரையிலிருந்து கிளப்பும் வண்டிக்கு அது போதாது. மில்லர் தண்டவாளத்துக்குக் கீழேயும் சில்லு வைத்தார். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. இரண்டு விரலால் கம்பியை இறுக்கிப் பிடித்தது போல வண்டி தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டது. செங்குத்தான இறக்கங்கள் சாத்தியமானது அதன் பிறகுதான். நிறுத்தும் பிரேக்கு வண்டியில் இல்லை, பாதையில் இருக்கிறது. ஒரு துண்டுப் பாதையில் ஒரு வண்டிதான் என்ற விதியும் உண்டு. பதுளைப் பாதையில் நிலைய அதிபர் வளையத்தில் மாட்டி நீட்டும் 'டப்லட்' என்ற அனுமதித் தகட்டைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல.

இந்தச் சத்தம் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கிகளோடு வேலை செய்தார். கையால் சுற்றும் வின்ச் ஒன்றைக் காட்டி, அதிலிருந்த பற்சில்லையும் நாக்கையும் என் விரலால் தொடவைத்தார். "சத்தம் கேட்கிற வரைக்கும் பயமில்லை. நின்றால்தான் ஓட வேணும்" என்றார். அந்த வருடம் நத்தாருக்கு முன் பக்கத்து வெறுங்காணி ஒன்றில் கார்னிவல் போட்டார்கள். நானும் தங்கையும் ராட்டினத்தில் ஏறிக் குந்திவிட்டோம். அப்பா தொட்டில் தொங்கிய இடத்தைக் குனிந்து பார்த்தார். நட்டு இருக்கவேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. ஒன்றும் பேசாமல் இருவரையும் தூக்கி இறக்கி, வீட்டுக்குக் கூட்டிவந்தார். நாங்கள் அழுதோம். அன்று அந்த ராட்டினத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக அப்பா செய்தது பிழையென்று ஒருநாளும் நினைத்ததில்லை.

நீங்கள் காலையில் வாசல் திறந்ததும் உள்ளே போனீர்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பே அங்கே வேலை தொடங்கியிருக்கும். திருத்துநர்கள் அந்த ஏற்றப் படிக்கட்டில் ஏறித் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். மர ரோலர் கோஸ்டரில் வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரியும், ஆணி தளரும். வண்டியை வெறுமையாகப் பல தடவை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் ஆட்களை ஏற்றுவார்கள். புது ஓட்டங்களில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளை மனிதருக்குப் பதிலாக இருத்தி ஓட்டுவதும் உண்டு. குளிர்காலத்தில் பூங்கா பூட்டியிருக்கும் மாதங்களில் வண்டிகளைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று பாகம் பாகமாகச் சோதிப்பார்கள். விஐபி சீட்டு எடுத்தவருக்கும் சாதாரணச் சீட்டு எடுத்தவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. வழிகாட்டியோடு போகிற வசதி கிடைத்தவர்கள் நிழலும் சாப்பாடும் கேட்பதோடு நிற்காமல், "காலையில் இதைப் பரிசோதித்தது யார், என்ன பார்த்தார்?" என்றும் ஒரு வார்த்தை கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அடுத்த குடும்பத்தைக் கூட்டிப்போவதற்கு முன் அந்தப் பிள்ளையும் விசாரித்து வைத்திருப்பார்.

ஒன்ராறியோ மாகாணத்தில் ரோலர் கோஸ்டர்களைக் கண்காணிப்பது டிஎஸ்எஸ்ஏ என்ற அதிகாரசபை. அதே சபைதான் அந்த மாகாணத்தின் லிஃப்டுகளையும் கண்காணிக்கிறது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது மிகப் பொருத்தம். ஏனென்றால் லிஃப்டின் உயிரையும் காத்தது இதே பல்லும் நாக்கும்தான். 1854இல் நியூயோர்க் கண்காட்சி ஒன்றில் எலிஷா ஓட்டிஸ் ஒரு மேடையில் ஏறி நின்று, கூட்டத்தின் முன்னால் அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை மடங்கியிருந்த வில்தகடு, கயிறு அறுந்ததும் நிமிர்ந்து இருபுறத்துப் பற்களிலும் கொளுவியது. மேடை சில அங்குலம் இறங்கி நின்றது. உயரமான கட்டடங்களில் மனிதர் நம்பிக் குடியேற வழி திறந்தது அந்தக் கண்டுபிடிப்பு.

வெள்ளவத்தையில் இன்று எத்தனை தொடர்மாடிகள்! காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை எழும்பியிருக்கின்றன. நீங்களும் ஐந்தாம் மாடியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாழ்நாளில் இரண்டு நிமிடம் அந்த வண்டியில் இருந்ததற்கு நான்கு பக்கம் எழுதிக் கேட்டீர்கள். கேட்டது மிகவும் நல்லது. ஆனால் ஒருநாளில் நான்கு தடவை ஏறி இறங்கும் லிஃப்டின் பராமரிப்பு அட்டையை நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? ஒரு உறவினர் வீட்டுத் தொடர்மாடியில் அந்த அட்டையைப் பார்த்தேன். பதினொரு மாதங்களுக்கும் ஒரே பேனையால், ஒரே கையெழுத்து, ஒரே இருப்பில் போட்டது போல இருந்தது. கடற்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாலே தெரியும். மாதக் கட்டணத்தில் லிஃப்டுக்கு இவ்வளவா என்று கூட்டத்தில் சண்டை பிடிக்கிறவர்கள், அந்தக் காசு போகிற இடத்துக்கு உண்மையில் போகிறதா என்று ஒருதரம் இறங்கிப் பார்க்கவேண்டும். திருத்துநர் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரும்போது ஒரு தேத்தண்ணி கொடுத்து, என்ன பார்த்தீர்கள் தம்பி என்று கேளுங்கள். தன் வேலையைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அவரும் மகிழ்ச்சியாகச் செய்வார்.

பேரன் டிசம்பர் விடுமுறைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் தாத்தாவின் பழைய சைக்கிள் இன்னும் இருக்கிறதென்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பல்கனியில் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்துங்கள். பெடலை முன்னுக்குச் சுற்றினால் பின்சில்லு சத்தமில்லாமல் சுழலும். பெடலைப் பின்னுக்குச் சுற்றினால் 'டிக், டிக், டிக்' என்று கேட்கும். அந்தச் சின்ன இரும்பு வட்டத்துக்குள்ளேயும் பற்களும் நாக்கும் இருக்கின்றன. இங்கே நாக்கை அமர்த்துவது சிறு வில்கம்பி. மிக மெதுவாக, பெடலை ஒரு முழுச் சுற்றுப் பின்னுக்குச் சுற்றி, எத்தனை 'டிக்' என்று எண்ணட்டும். பெரிய பற்சில்லிலும் சின்னப் பற்சில்லிலும் எத்தனை பற்கள் என்றும் எண்ணிக்கொண்டால், பின்சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை 'டிக்' என்று வகுத்துக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த எண்ணை அவன் கையாலேயே எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.