உங்களுக்குத் தெரியுமா? தலைவருக்குப் பின் கட்சி

● 1989 சட்டமன்றத் தேர்தலில் இரட்டை இலைச் சின்னமே கிடையாது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-இல் மறைந்ததும் அ.தி.மு.க. இரண்டாக உடைந்தது, சின்னம் முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணி சேவல் சின்னத்தில் 27 இடங்களைப் பிடித்தது. இரட்டைப் புறாவில் நின்ற, எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகியின் அணிக்குக் கிடைத்தவை 2. ஆண்டிபட்டியில் ஜானகியே தோற்றார்.

ஜெயலலிதா மறைந்த நான்காவது மாதமே, 2017 மார்ச்சில், இலை மறுபடி முடங்கியது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு ஓர் அணி தொப்பியோடும், இன்னோர் அணி இரட்டை விளக்கு மின்கம்பத்தோடும் வாக்குக் கேட்டன. இத்தனைக்கும், பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி வகுத்துவிட்டுப் போனவர் எம்.ஜி.ஆர். விதி இருந்தது, போட்டி போட்டுத் தேர்ந்தெடுத்துப் பழக்கம் இல்லை. அதனால்தான் வாரிசு வழக்கு தேர்தல் ஆணையத்தின் வாசலுக்குப் போனது.

● காங்கிரசில் 1972-க்குப் பிறகு உட்கட்சித் தேர்தல் நடக்க 20 ஆண்டுகள் ஆயின. 1992-இல் நரசிம்ம ராவ் திருப்பதியில் நடத்தினார். ஆனால் காரியக் கமிட்டிக்குத் தேர்வானவர்களில் பெண்களோ பட்டியலினத்தவரோ இல்லை என்று காரணம் சொல்லி, அவர்களை ராஜினாமா செய்யவைத்தார். குறை நியாயமானதுதான். ஆனாலும் போட்ட ஓட்டு வீணாகி, பழைய நியமன முறையே திரும்பியது.

● 1978-க்கும் 1983-க்கும் இடையில் ஆந்திரத்தில் 4 காங்கிரஸ் முதல்வர்கள். நால்வரையும் முடிவு செய்தது டெல்லிதான். 1982 பிப்ரவரியில் முதல்வர் அஞ்சையா, ராஜீவ் காந்தியை வரவேற்க மாலை மரியாதையோடு ஆட்களைத் திரட்டிக்கொண்டு பேகம்பேட்டை விமான நிலையத்துக்குப் போனார். அங்கே எல்லோர் முன்னிலையிலும் ராஜீவ் அவரைக் கடிந்துகொண்டார்; அந்த மாதமே அஞ்சையாவின் பதவி போனது. அடுத்த மாதம் என்.டி.ராமாராவ் தெலுங்கு தேசத்தைத் தொடங்கி, தெலுங்கர் தன்மானத்தையே முழக்கமாக்கினார். 1983 ஜனவரியில் ஆட்சி அவர் கைக்கு வந்தது. மாநிலத் தலைவர்களை வளரவிடாத கட்சிக்கு, அவரை எதிர்த்து நிறுத்த ஆளில்லை.

● அர்ஜென்டினாவில் அதிபர் பெரோன் மறைந்தது 1974-இல். 2003 அதிபர் தேர்தலில் அவர் பெயர் சொல்லும் இயக்கத்திலிருந்து மூவர் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றனர்.

● மெக்சிகோவில் 1929-இல் கட்சி தொடங்கிய காயெஸ், பதவியில் இல்லாமலே ஆட்சியை ஆட்டிவைத்தார். அவர் ஆதரவோடு அதிபரான கார்தெனாசே 1936-இல் அவரை விமானமேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். அதிபர் பதவி ஒருவருக்கு ஒரே முறை, ஆறே ஆண்டு என்ற விதி அதன்பிறகு அங்கே மீறப்படவில்லை. அடுத்தவரைக் கைகாட்டியவர் பதவியில் இருந்த அதிபர்தான், தேர்தல்களும் நேர்மையானவை அல்ல. அதை ஜனநாயகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தலைவரின் மறைவும் அந்தக் கட்சியை அசைக்கவில்லை. அது 71 ஆண்டுகள் ஆண்டது.