பறை மட்டும் அல்ல, கதையும் நம்முடையது

உப்பு விளையும் கோடைக் காலத்தில்தான் நம் மரக்காணம் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் கூத்தும் நடக்கும். பகலெல்லாம் வெயிலில் உப்பு வாரிய உடம்பு, இரவில் கூத்துக் கொட்டகையைத் தேடிப் போகும். ஆனால், சேரி மக்கள் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பறை அடிக்க நாம் வேண்டும்; கதை சொல்ல நாம் வேண்டாம்.

இந்த வழக்கத்தைத் தமிழ் மேடையில் உடைத்தவர்களில் முன்னோடி கே.ஏ.குணசேகரன். சிவகங்கை மாவட்டம் இளையான்குடி அருகே மாரந்தையில் 1955-ல் பிறந்தவர். பள்ளி வயதில் சாதி தந்த காயங்களைப் பின்னாளில் ‘வடு’ என்ற தன்வரலாற்று நூலில் எழுதினார். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்தார். ‘தன்னானே’ கலைக்குழுவைக் கட்டி, அந்தப் பாடல்களை ஊர் ஊராகக் கொண்டுபோனார். கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடல் ஊரெல்லாம் பரவியதற்கு அவருடைய குரலும் ஒரு காரணம்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் அவர் பேராசிரியரானார். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தலித் இலக்கியம் தமிழில் எழுச்சி பெற்ற 1990-களில் அவர் தந்த நாடகம் ‘பலி ஆடுகள்’. தமிழின் முதல் தலித் நாடகம் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான். கோயில் காரியத்துக்கு நரபலி கேட்கிறார்கள். கைகாட்டப்படுபவன் ஒரு தலித் ஆண். கடைசியில் அவனுக்குப் பதிலாகப் பலியாவது அவன் மனைவி. மேல்சாதியைக் கேள்வி கேட்டதோடு நாடகம் நிற்கவில்லை. ‘உன் வீட்டுப் பெண்ணை நீ எப்படி நடத்துகிறாய்?’ என்று நம்மையும் பார்த்துக் கேட்டது. அந்த நேர்மைதான் அதன் பலம்.

இதேபோன்ற ஒரு முயற்சி கடல் கடந்தும் நடந்தது. லண்டனில் கறுப்பின நடிகர்களுக்கு வேலைக்காரன், திருடன் போன்ற சில்லறை வேடங்களே கிடைத்துவந்த நிலையில், 1986-ல் இவோன் பிரூஸ்டர் என்ற ஜமைக்காப் பெண்மணி தோழிகளுடன் சேர்ந்து ‘தலாவா’ நாடகக் குழுவைத் தொடங்கினார். ஜமைக்கா மக்கள் பேச்சில் அந்தச் சொல் நெஞ்சுரத்தைக் குறிக்கும். ஹெய்ட்டித் தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்ற வரலாற்றைச் சொல்லும் சி.எல்.ஆர். ஜேம்ஸின் நாடகம்தான் அவர்களின் முதல் மேடையேற்றம். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாகவும் கறுப்பின நடிகரை நிறுத்தினார்கள். தங்கள் கதையைத் தாங்களே சொல்வது, ஊர் மெச்சும் கதையிலும் நாயக வேடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பது என இரண்டையும் செய்தார்கள்.

குணசேகரன் 2016 ஜனவரியில் மறைந்தார். அவர் வெட்டிய பாதை அடைபடவில்லை. ஜெயராணியின் எழுத்தை அடிப்படையாகக் கொண்டு, ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கத்தில் ‘கட்டியக்காரி’ குழு ‘மஞ்சள்’ நாடகத்தை அரங்கேற்றியது. மலம் அள்ளும் கொடுமையை நேருக்கு நேர் காட்டிய அந்த நாடகத்தை 2017-ல் சென்னையில் திரளான மக்கள் பார்த்தார்கள்.

நம் ஊருக்கும் சொல்லப்பட வேண்டிய கதைகள் உண்டு. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தன. அந்த நாளைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று பள்ளிக்குப் போகாத குழந்தைகள் இன்று பள்ளி, கல்லூரி மாணவர்கள். வீடு எரிந்ததை யார் வாயால் அவர்கள் கேட்கப்போகிறார்கள்? நாம் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். அதில் நாம் மறுபடியும் தள்ளி நிற்பவர்களாகவே இருப்போம். பழி தீர்க்க அல்ல, மறுபடி நடக்காமல் இருக்கவே அதைச் சொல்ல வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாடகத்தை முதுகலைப் படிப்பாகவே கற்றுத் தரும் அந்தப் பல்கலைக்கழகம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில்தான் இருக்கிறது. மரக்காணத்தில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். படிக்க முடியாதவர்களும் தயங்க வேண்டாம். ஐப்பசி மழையில் உப்பளம் மூடிக்கிடக்கும் நாட்களில் பாட்டியிடம் உட்கார்ந்து கதை கேளுங்கள், நோட்டில் எழுதுங்கள், தெருவில் நடித்துக் காட்டுங்கள்.

பறை நம் வீட்டில் இருக்கிறது. கதையும் நம் வீட்டில்தான் இருக்கிறது.