திராட்சைத் தோலுக்குள் மிளகு

நலுங்கு மாவுக்காக நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் கோரைக்கிழங்கு, ரசத்தில் தட்டிப் போடும் மிளகு, ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். மூன்றிலும் ஒரே மணப்பொருள் இருக்கிறது. ரோட்டன்டோன் என்று பெயர். முதன்முதலில் அதைப் பிரித்தெடுத்தது கோரைக்கிழங்கிலிருந்துதான். ஷிராஸில் மிளகு வாசம் வீசுவதைக் குடித்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். காரணம் இந்தப் பொருள்தான் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தினர் 2008இல் கண்டறிந்தார்கள். ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் 16 பங்கு மட்டும் எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு! ஆனால் ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அளவைப் பல மடங்கு கூட்டியும் அந்த வாசம் தெரியவே இல்லை. ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினில் ஒருவர் மிளகு மணக்கிறது என்பார், பக்கத்தில் இருப்பவர் இல்லவே இல்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மை.

ரோட்டன்டோன் தங்கியிருப்பது திராட்சைத் தோலில். நிறமும் அங்கேதான். இதைப் பார்க்க ஒயின் வேண்டியதில்லை. சென்னை அசோக் நகரில் தள்ளுவண்டிக்குப் பன்னீர் திராட்சை வரும்போது ஒரு கொத்து வாங்கினால் போதும். பழத்தைப் பிதுக்குங்கள். வழுக்கி வரும் சதையில் கறுப்பு இருக்காது. தோலை மட்டும் தனியே மென்று பாருங்கள்: நாக்கு வறண்டு, ஈறு இறுகும். தோலிலும் விதையிலும் உள்ள டானின்கள் எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. பச்சைப் பாக்கைக் கடித்தால் வரும் அதே துவர்ப்பு. ஷிராஸ் செய்பவர்கள் நசுக்கிய பழத்தைத் தோலோடும் விதையோடும் நாள்கணக்கில் நொதிக்க விடுகிறார்கள். உண்டாகும் ஆல்கஹால் தோலிலிருந்து நிறத்தையும் மணத்தையும் துவர்ப்பையும் இழுத்துக்கொள்கிறது.

பழம் சிறுத்தால் சாறு குறையும், தோலின் பங்கு கூடும். விட்டம் பாதியானால் சாற்றுக்குத் தோலின் விகிதம் இரு மடங்கு. முதிய கொடிக்கு ஒயின் உலகில் மதிப்பு வந்ததற்கு, அதன் பழம் சிறியது என்று கருதப்படுவதும் ஒரு காரணம். அது அதிகம் காய்ப்பதில்லை. தடித்த தண்டில் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்து, ஆழ வேரோடி, வறட்சியைத் தாங்குகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் ஹென்ஷ்கி குடும்பத்தாரின் ‘ஹில் ஆஃப் கிரேஸ்’ தோட்டத்தில் 1860ஐ ஒட்டி நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. அந்த ஒரு சிறு தோட்டத்துப் பழத்தை மட்டும் கொண்டு 1958 முதல் தனி ஒயின் எடுக்கிறார்கள். பிரான்சில் இந்த வயதுக் கொடிகள் அரிது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது நுழையவில்லை. ஈடன் பள்ளத்தாக்கும் அடங்கிய பரோசா வட்டாரத்தில் 2009இல் கொடிகளை வயதுப்படி வகுத்தார்கள். 125 வயதைத் தாண்டியவை ‘மூதாதையர்’ வரிசையில் வருகின்றன. கொடிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைப்பது எனக்குப் பெரிய நிறைவைத் தருகிறது.

ஆஸ்திரேலியாவில் நடுவதற்காக ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் திரட்டிய, ஷிராஸும் அடங்கிய திராட்சைக் குச்சிகள் சிட்னிக்கு வந்தது 1832இல். பன்னீர் திராட்சையை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டு என்பார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்க்கை வேறு. குளிர்கால உறக்கம் கிடையாது. கவாத்து செய்தால் பந்தலில் மறுபடி துளிர்க்கும், ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்.

ஷிராஸைச் சுவைப்பவர்களுக்குச் சென்னையில் முதல் சிக்கல் வெயில். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு என்பது ஐரோப்பியக் குளிர் வீட்டுக்குச் சொன்னது. மே மாதத்து அசோக் நகர் வீட்டில் அப்படியே ஊற்றினால் ஆல்கஹாலின் நெடி மற்றதையெல்லாம் மறைத்துவிடும். ஃப்ரிட்ஜில் சிறிது நேரம் வைத்து, 16 முதல் 18 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். பழைய புட்டி என்றால் டானினும் நிறமும் ஒன்றுசேர்ந்து அடியில் மண்டியாகப் படிந்திருக்கும். முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து, மெதுவாகத் தெளிய ஊற்றுவார்கள். முதலில் மூக்கு, பிறகு வாய். ஒரு மிடறை வாயில் சுழற்றும்போது ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். கறுத்த பழ வாசமும் மிளகும் இரண்டாம் முறை அப்போதுதான் தெரியும். தேர்ந்த சுவைஞர்கள் அந்த மிடறைத் துப்பிவிடுகிறார்கள். துப்பிய பின்னும் துவர்ப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, சொரசொரப்பாக நிற்கிறதா மிருதுவாக நிற்கிறதா என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்கிறார்கள்.