கோப்ராவின் நகலுக்கு எந்தக் கார்புரேட்டர்?

பெட்ரோலையும் காற்றையும் அளவறிந்து கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவியே கார்புரேட்டர். அதன் நடுவே குழாய் குறுகியிருக்கும். எங்கள் குருவிகுளத்துத் தோட்டங்களில் வாய்க்கால் குறுகுமிடத்தில் தண்ணீர் விரைவதைப் போல, அங்கே காற்று விரையும், அழுத்தம் குறையும், பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் தூறலாய்ச் சிதறும். வாய்க்காலை அகலமாக்கினால் தண்ணீர் தவழும் அல்லவா? அளவுக்கு மீறிய கார்புரேட்டரிலும் அதுவே நிகழ்கிறது.

1962-இல் அமெரிக்கரான கரோல் ஷெல்பி உருவாக்கிய 'கோப்ரா' காரின் நகல்களை இன்றும் பலர் விரும்பிக் கட்டுகின்றனர். எட்டு சிலிண்டர், 4.7 லிட்டர் ஃபோர்டு எஞ்சின் கொண்ட பந்தயக் கோப்ராவில் இத்தாலிய வெபர் கார்புரேட்டர்கள் நான்கு இருந்தன. சிலிண்டருக்கு ஒன்றாக எட்டு எக்காளங்கள் நிமிர்ந்து நிற்கும். (கண்ணுக்கு அதைவிட அழகில்லை!) சாலைக்கான வண்டியிலோ நான்கு குழாய்க் கார்புரேட்டர் ஒன்றுதான்.

எதைத் தேர்வது? கணக்குப் போடுவோம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுற்றுக்கு ஒருமுறையே மூச்சிழுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் 4.7 × 3000 = 14,100 லிட்டர் காற்று. சிலிண்டர் 85 விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால் சுமார் 12,000 லிட்டர். அதாவது 420 கன அடி. எனவே 600 கன அடி ஹாலி கார்புரேட்டர் ஒன்றே தாராளம். அதைவிடப் பெரிதைப் பூட்டினால் கடைத்தெருவில் வண்டி முக்கும், முனகும்.

நான்கு வெபர்களும் ஒருசீராகத் திறக்க வேண்டும். ஜெட்டுகளைப் பொறுமையாகப் பொருத்த வேண்டும். அப்படிச் செய்தால் மிதித்தவுடன் எகிறும் அந்த வேகம் தனிதான். ஆனால் திறந்த எக்காளங்கள் நம் கரிசல் புழுதியை விழுங்கினால் பிஸ்டன் வளையங்கள் தேயும். ஹாலியின் தலையில் வட்ட வடிகட்டி ஒன்றை வைத்தால் போதும்.