கடற்கரை ஊர்களின் ஏற்றமும் இறக்கமும்

அகத்திய மலையில் தோன்றும் நெய்யாறு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறு என்னுமிடத்தில் அரபிக் கடலோடு கலக்கின்றது. கலக்கும் இடத்தில் ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே மணல்மேடு ஒன்று உண்டு. அலைகள் அதனைக் கட்டும்; மழைக்கால வெள்ளம் அதனை உடைக்கும். இத்தகைய கழிமுகத்தை அவ்வட்டாரத்தார் ‘பொழி’ என்பர். அதன் தென்புறத்தே அமைந்த மீனவர் ஊர் பொழியூர்.

கேரளத்தின் தென்கோடிக் கடற்கரை அதுவே. அதனை அடுத்திருக்கும் நீரோடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கல் இடையே நின்றபோதிலும், பேச்சும் மணஉறவும் தொழிலும் இருபுறமும் கலந்தே இருக்கின்றன.

இன்று அக்கரையிலே நிற்பவர் இரண்டு வகையான படகுகளைக் காணலாம். கழிமுகத்தின் அமைதியான நீரில், கண்டல் மரங்களின் நிழலில், பயணியரை ஏற்றிய உல்லாசப் படகுகள் செல்கின்றன. மணல்மேட்டுக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலிலே மீன்படகுகள் அலையை எதிர்த்துப் புறப்படுகின்றன. ஒரே மணற்பரப்பில் இரண்டு பிழைப்புகள்! இவற்றுள் பயணியர் தொழிலே எளிது என்றும், எதிர்காலம் அதற்கே உரியது என்றும் கூறுவோர் பலர். அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய விரும்புவோர்க்கு, பயணியரையே நம்பி வாழ்ந்து பார்த்த ஒரு நாட்டின் அனுபவம் பயன்படும். அந்நாடு பிரிட்டன்.

கடலில் நீராடுவது ஆங்கிலேயரிடையே முதலில் மருத்துவமாகத்தான் பரவியது. 1750-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடல்நீர் பல நோய்களைத் தீர்க்கும் என்று நூல் எழுதினார். செல்வர் பிரைட்டனுக்குத் திரண்டனர். 1841-இல் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்கும், 1846-இல் வடமேற்கிலுள்ள பிளாக்பூலுக்கும் இருப்புப்பாதை சென்றது. அதன்பின் செல்வருடைய இன்பம் தொழிலாளருக்கும் எட்டியது. லங்காஷயர் மாவட்டத்தின் பஞ்சாலை ஊர்கள் ஒவ்வொன்றும் கோடையில் ஒரு வாரம் ஆலையை மூடும். ஊருக்கு ஊர் வாரம் மாறுபட்டமையால், பிளாக்பூலின் விடுதி அறைகள் கோடை முழுதும் நிறைந்திருந்தன. 1894-இல் அங்கே பெருங்கோபுரம் ஒன்று எழுந்தது. 1938-இல் ஊதியத்தோடு கூடிய விடுமுறைக்குச் சட்டம் பிறந்தது. கடற்கரை ஊர்களின் பொற்காலம் அது.

அப்பொற்காலம் எவ்வாறு மறைந்தது? 1960-களில் விமானப் பயணம் மலிந்தது. மழையும் குளிர்காற்றும் வீசும் சொந்தக் கடற்கரைக்குச் செலவிடும் பணத்தில், வெயில் தவறாத ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக்கே சென்று வரலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆண்டுதோறும் விருந்தினரை அனுப்பிய பஞ்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இலாபமில்லாத இருப்புப்பாதைகளைக் கைவிடுமாறு 1963-இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை கூறியதால், சில கரையூர்கள் புகைவண்டியையும் இழந்தன.

இதன் பின்னர் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பயணியர் போனார்கள், அவர்களுக்கென்று கட்டிய அறைகள் மட்டும் நின்றன. பல அறைகள் கொண்ட பெரிய விடுதிகளை உடைமையாளர்கள் சிறுசிறு ஒற்றையறைக் குடியிருப்புகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டனர். வாடகை குறைவென்பதால், வேலை இழந்தோரும், நோயுற்றோரும், துணையற்ற முதியோரும் உள்நாட்டு நகரங்களிலிருந்து அங்கே வந்து சேர்ந்தனர். ஊரில் பிறந்த வறுமையோடு வெளியிலிருந்து வந்த வறுமையும் கூடியது. கற்ற இளைஞரோ வேலை தேடி வெளியேறினர். குடியும் போதைப்பொருளும் அந்த வெற்றிடத்தில் புகுந்தன. இங்கிலாந்திலேயே ஆண்களின் சராசரி ஆயுள் மிகக் குறைந்த இடமாகப் பிளாக்பூல் ஆயிற்று.

எஸ்ஸெக்ஸ் கரையிலுள்ள ஜேவிக் என்னும் சிற்றூரின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 1930-களில் இலண்டன் மக்கள் கோடையில் வந்து தங்குவதற்கென அங்கே சிறு மரவீடுகள் எழுப்பப்பட்டன. போருக்குப் பின் பலர் அவற்றையே நிலையான வீடாகக் கொண்டனர். 1953-இல் கடல்வெள்ளம் புகுந்து உயிர்ப்பலி கொண்டது. 2010, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் அரசாங்கம் வெளியிட்ட கணக்குகளில், இங்கிலாந்தின் மிகப் பின்தங்கிய பகுதி என்று முதலிடம் பெற்றது இவ்வூரே.

இத்தகைய ஊர்கள் எளிதில் மீள இயலாததற்கு நில அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. உள்நாட்டு நகரத்துக்கு நான்கு திசைகளிலும் ஊர்கள் இருக்கும். ஒரு திசையில் தொழில் நலிந்தால் மறுதிசையில் தேடலாம். கடற்கரை ஊருக்கோ ஒரு பாதி நிலம். மறுபாதி வெறும் நீர். சாலையும் இருப்புப்பாதையும் அங்கே முடிவடைகின்றன. ஆசிரியரும் மருத்துவரும் பாதையின் கடைசியிலுள்ள ஊருக்குச் செல்லத் தயங்குகின்றனர். 2019-இல் பிரிட்டிஷ் மேலவைக் குழு ஒன்று இவ்வூர்களின் வருங்காலம் பற்றி அறிக்கை அளித்தது. 2021-இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி, கரையோர மக்களின் உடல்நலக் குறைவையும் அங்குள்ள மருத்துவப் பணியாளர் பற்றாக்குறையையும் தனி அறிக்கையாகவே எழுதினார்.

மீட்க முயன்ற ஊர்களும் உள. மார்கேட் என்ற ஊரில் 2011-இல் பெரிய ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. கலைஞர்களும் புதிய கடைகளும் வந்தன. ஆனால், வீட்டு வாடகையும் கூடவே உயர்ந்தது. பழங்குடியினர் பலருக்கு அந்த மலர்ச்சியே சுமையாயிற்று. ஊர் செழிப்பதும் ஊரார் செழிப்பதும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். பொழியூருக்கு வடக்கே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கோவளம் இருக்கின்றது. 1930-களில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தினர் அங்கே ஒரு மாளிகை எழுப்பினர். 1970-களில் மேனாட்டு இளைஞர் நாடோடிகளாக வந்து தங்கினர். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வரைந்தபடி அரசாங்க விடுதியும் எழுந்தது. பின்னர் ஒழுங்கின்றி நெருங்கிய கட்டடங்களும், குப்பையும், போதைப்பொருள் வணிகமும் அதன் பெயரைக் குறைத்தன. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் விமானங்கள் நின்றவுடன், பயணியரையே நம்பியிருந்த விடுதிப் பணியாளரும், கடைக்காரரும், படகோட்டிகளும் ஒரே நாளில் வருவாயிழந்தனர். ஒரே காலில் நிற்பவன் நிலை அதுதான்.

பொழியூருக்கு இன்னும் ஒரு துன்பம் உண்டு. பிளாக்பூலில் பயணியர் போயினும் நிலம் நிலைத்தது. இங்கே நிலமே போய்க்கொண்டிருக்கின்றது. அலைகள் கரைக்குச் சாய்வாக வந்து மோதும்போது மணல் கரையோரமாக நகர்ந்து செல்லும். குறுக்கே கல்லணை இட்டால் ஒருபுறம் மணல் தேங்கும். மறுபுறம் மணல் வரவு குன்றிக் கரை அரிக்கப்படும். எல்லைக்கு அப்பால் நீரோடிப் பக்கத்தில் கற்சுவர்கள் எழுந்தபின் தங்கள் கரை தேய்ந்தது என்பது பொழியூர்க் கொல்லங்கோட்டு மக்களின் நெடுநாள் முறையீடு. மாநில எல்லை மணலுக்குத் தெரியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இருபுறத்து மீனவரையும் ஒருங்கே வாரிச் சென்றது. 2024 மார்ச் 31 அன்று, காற்றின் அறிகுறி ஏதுமின்றி, தொலைக்கடலில் எழுந்த பேரலை கேரளக் கரையில் ஏறியது. மீனவர் அதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். கள்வனைப் போலச் சொல்லாமல் வருவதால் அப்பெயர்.

துறைமுகம் இல்லாமையால், மழைக்காலக் கொந்தளிப்பில் பொழியூர்ப் படகுகள் விழிஞ்ஞம் முதலிய இடங்களை நாட வேண்டியுள்ளது. அதே மாதங்களில் பயணியர் வரவும் குறைகின்றது. எனவே, ஒன்று தளரும்போது மற்றொன்று தாங்கும் என்று எண்ணுவதற்கில்லை. மீன்பிடித் துறைமுகம் வேண்டுமென்று மக்கள் கேட்பதன் காரணம் இதுவே. 2024-ஆம் ஆண்டின் கேரள வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு தொகை ஒதுக்கப்பட்டது.

மணற்பரப்பு வெறும் காட்சிப்பொருள் அன்று. படகு ஏற்றவும், வலை உலர்த்தவும், கரைமடி இழுக்கவும் அதுவே களம். மாலையில் சிறுவர் பந்தாடுவதும் அங்கேதான். அம்மணலில் கால்பந்து பழகிய இளைஞர் பலர் சந்தோஷ் கோப்பைப் போட்டிகளில் விளையாடிப் பெயர் பெற்றனர். அந்தக் களம் கடலிடம் போனாலும், வேலியிட்ட விடுதியிடம் போனாலும் ஊராருக்கு இழப்பு ஒன்றே.

ஆகவே, கடற்கரை ஊர் ஒன்றின் வளர்ச்சியை அளக்க மூன்று கேள்விகள் போதும். நிலம் யாருடைய கையில் இருக்கின்றது? வேலை பன்னிரண்டு மாதமும் உண்டா? விருந்தினர் சென்ற பின்னும் பள்ளியும் மருத்துவமனையும் நன்கு நடக்குமா? இம்மூன்றுக்கும் தக்க விடை இல்லாத ஊரில், நிறைந்த விடுதிகள் நாளைய வெற்றறைகளே.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்களுள் கடற்கரை ஊரில் பிறந்தவர் பலர் இருப்பீர்கள். தகப்பனார் விட்டுச்சென்ற ஐந்து சென்ட் மனையைத் தரகர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கின்றார் என்று ஊரிலிருந்து செய்தி வரக்கூடும். விற்பதும் விற்காததும் உங்கள் உரிமை. ஆயினும், விடை கூறுமுன் அந்த மனைக்கு முன்னே யார் படகு ஏற்றுகின்றார்கள், யார் வலை உலர்த்துகின்றார்கள் என்று ஒருமுறை கேட்டறியுங்கள். வெளியூரில் வாழ்கின்றவர் ஊருக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதுவும் ஒன்று.